முற்றுப்புள்ளிகள் மட்டும் தப்பிய பக்கம்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடைய முழு வாழ்க்கையையும் நான் ஒரே ஒரு அம்புக்குறியால் சைபர் ஆக்கியிருக்கிறேன். பிறப்பு, கல்வி, திருமணம், கோயில் திருப்பணி, சுகவீனம், சிவபதம் எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பை வாசி, மாற்று, அதே பெயரிலேயே திரும்ப எழுது என்று, நடுவில் '>' என்ற அம்புக்குறியைப் போட்டுக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். கணினி மிகவும் கீழ்ப்படிவான பிராணி. எழுதுவதற்கு இடம் வேண்டுமே என்று முதலில் கோப்பைத் துடைத்துச் சுத்தமாக்கியது. அதற்குப் பிறகு வாசிக்கப் போனது. வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை. வேலை முடிந்தது என்று சொல்லி அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. பிழை எதையும் காட்டவில்லை.

வெட்கப்பட வேண்டிய இடம் அதுவல்ல. குடும்பத்தாரிடம் போய்ச் சொல்லப் பயந்து, அதுவரை நான் அச்சுக்குத் தயாரித்த கல்வெட்டுப் புத்தகங்களின் ஞாபகத்தில் அவருடைய வாழ்க்கையை நானே எழுதினேன். பெயர்களையும் திகதிகளையும் மரண அறிவித்தலில் இருந்து எடுத்தேன். கண்டிப்பும் கருணையும் ஒருங்கே அமைந்தவர், விருந்தோம்பலில் சிறந்தவர், அதிகாலையில் எழும்புபவர், எவருக்கும் தீங்கு நினையாதவர். மனைவி வாசித்துக் கண்ணைத் துடைத்தார். "உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறியள்" என்றார். முதற் கோப்பை எழுதித் தந்த மருமகன்கூட அது தன்னுடைய எழுத்து என்றே நம்பினார்.

ஆகவே, புதிதாக இந்த அச்சகத்தின் கணினிப் பகுதிக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்குப் புத்தி சொல்லப் போகிறவர் எப்பேர்ப்பட்டவர் என்பது இப்போது தெரிந்திருக்கும். முதலாளியின் மகன் வீடு தேடி வந்து, "அண்ணை, புதுப் பிள்ளையளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கோ" என்று கேட்டார். கண் மங்கி, காலத்துக்கு முன்னரே வீட்டில் குந்திவிட்ட மனிதனிடம் நல்ல வார்த்தை ஏது? கெட்ட வார்த்தை ஒன்று இருக்கிறது. அது ஒரே ஓர் எழுத்து. அதைப் பாவிக்காதீர்கள் என்று சொல்லவே இவ்வளவு தாளையும் வீணாக்குகிறேன்.

இந்தத் தீபகற்பத்துக்கு வெளியே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது. எங்களுக்கு அது, ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வீட்டில் சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் கொடுக்கும் புத்தகம். முன்னுக்குப் படம், பிறகு பக்திப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகளின் கண்ணீர், கடைசியில் நன்றி. கலியாண அழைப்பிதழுக்குத் தவணை சொல்லலாம். கோயில் மலருக்கு, ஐயர் மனம் வைத்தால், திருவிழாவையே இரண்டு நாள் கழித்துத் தொடங்கலாம். செத்தவர் தவணை தரமாட்டார்.

இதை எழுதுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் என்றால் நாலு நாடு. நாலு நாட்டில் நாலு விதமான குறியேற்றம். குறியேற்றம் என்றால் வேறொன்றுமில்லை, எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தம். ரொறன்ரோவில் இருப்பவருடைய ஒப்பந்தம் யூனிகோட். கொழும்பில் இருக்கும் மாமாவுடையது பாமினி. இன்னும் சிலர், அந்த ஒப்பந்தம் செய்தவர்களே மறந்துபோன ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருடைய கண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

இந்த வேலையைக் கட்டளை வரியில் செய்யலாம் என்று எனக்குக் காட்டியவள், எனக்குப் பிறகு இங்கே வேலைக்குச் சேர்ந்த, என்னைவிட எவ்வளவோ இளையவள். வட்டுக்கோட்டைப் பிள்ளை. பெயர் போட்டால் சண்டைக்கு வருவாள், விட்டுவிடுகிறேன். அவள் வரும்வரை நான் ஒவ்வொரு பந்தியாக ஏதோ ஓர் இணையத்தளத்தில் ஒட்டி, மாற்றி, திரும்ப வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். மருதனார்மடம் சந்தையில் ஒரு மூட்டை வெங்காயத்தை ஒவ்வொரு வெங்காயமாகச் சுமந்து லொறியில் ஏற்றுகிறவனைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு ஆரும் சம்பளத்தை மணித்தியாலக் கணக்கிலையோ தருகினம்?"

கறுத்தத் திரையில் ஐகொன்வ் என்ற கட்டளையை எழுதிக் காட்டினாள். எதிலிருந்து, எதற்கு, எந்தக் கோப்பு. அவ்வளவுதான். நான் ஒரு கிழமை செய்கிற வேலை, நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் முடிந்தது. தன்மானம் உள்ளவன் அன்றைக்கே வேலையை விட்டிருப்பான். நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் கொழும்பு மாமா ஒருவருடைய பாமினிக் கோப்பு வந்தது. இது என்ன என்று கணினியைக் கேட்டேன். "சாதாரண ஆங்கில எழுத்து" என்றது. யூனிகோட்டுக்கு மாற்று என்றேன். மாற்றிவிட்டேன், பிழை இல்லை என்றது. அதை நம்பி அப்படியே பக்கத்தில் ஊற்றி, அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அச்சு இயந்திரத்தில் நின்றவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. "அண்ணை, இந்த மனுசி சிங்கப்பூரிலையோ செத்தது?" என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கம் முழுவதும் 'mk;kh, mk;kh' என்று ஒரு பிள்ளை கதறிக்கொண்டிருந்தது. பாமினியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடவேண்டும். கணினிக்கு அது சுத்தமான ஆங்கிலம்.

"பிழை இல்லை எண்டு மெஷின் சொன்னா, பிழையைக் கண்டுபிடிக்க அதுக்குத் தெரியேல்லை எண்டு மட்டும்தான் அர்த்தம்" என்றாள் வட்டுக்கோட்டைப் பிள்ளை. அதே மூச்சில், நான் மேலே சொன்ன அந்த ஓர் எழுத்தைப் பற்றியும் சொன்னாள். கட்டளையின் நடுவில் '-c' என்று போட்டால், கணினி தனக்கு விளங்காத எழுத்துகளை எல்லாம் சத்தமில்லாமல் எறிந்துவிட்டு, மிச்சத்தை மாற்றித் தரும். எத்தனை எறிந்தேன், எங்கே எறிந்தேன் என்று சொல்லாது.

"உதைப் போடாதேங்கோ அண்ணை. உதைப் போட்டா மெஷின் பல்லைக் காட்டிக்கொண்டு களவெடுக்கும்."

நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற முதலாளியும் தலையாட்டினார். நான் எச்சரிக்கையை ஞாபகத்தில் வைத்தேன். அவர் எழுத்தை ஞாபகத்தில் வைத்தார்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

புத்தூரில் ஓர் அம்மா காலமானார். தோட்டக்காரக் குடும்பம். புருசன் முன்னரே போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு பேர். மகன் ரொறன்ரோவில். மகள் பாரிசில். மகள், குருநகரில் கடற்றொழில் செய்து மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரக் குடும்பத்துப் பெடியனைக் கலியாணம் செய்து, அவனோடு வெளிநாடு போனவள். புத்தூருக்கும் குருநகருக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த வீட்டாருக்கு அது பாரிசைவிடத் தூரம். அதற்குப் பிறகு மகனைப் பொறுத்தவரை தங்கச்சி என்று ஒருத்தி இல்லை. செத்த வீட்டுக்கும் அவள் வரவில்லை. வரச் சொல்லவில்லை என்றும் சொல்லலாம்.

செத்த வீட்டுக்கு ஊர் வந்து நின்ற மகன் கல்வெட்டு வேலையை எங்களிடம் தந்தார். தன்னுடைய எழுத்து, மனைவியுடையது, பேரப்பிள்ளைகளுடையது எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அதற்கிடையில் ஒருநாள் செத்தவருடைய தங்கச்சி, அதாவது அந்த மகனுக்குச் சின்னம்மா, குடையோடும் ஒரு பென் டிரைவோடும் வந்தார்.

"தம்பி, இதுக்கை ஒண்டு கிடக்கு. எல்லாரின்ரையோடையும் சேத்து விடுங்கோ."

"ஆற்றை எழுத்து அன்ரி?"

"பிள்ளையின்ரை எழுத்து" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கொட்டி ஒரே கோப்பாக்கி வைத்தேன்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் காலை. புத்தகம் கட்டுகிறவர் மத்தியானம் வந்து தாள்களை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். மகன் புரூஃப் பார்க்க வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். பக்கத்தில் சின்னம்மா. என் முதுகுக்குப் பின்னால் முதலாளி. வட்டுக்கோட்டைப் பிள்ளை தன் மச்சாளின் கலியாணத்துக்கு லீவில் போய்விட்டாள். கட்டளை வரிக்கு முன்னால் நான் தனியே.

அந்த ஒரே கோப்பை மாற்றுவதற்குக் கட்டளையைத் தட்டினேன். பாதி வழியில் நின்றது. இந்த இடத்தில் எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது, இதற்கு மேல் போகமாட்டேன் என்றது.

"என்ன அண்ணை, நிண்டிட்டுது?" என்றார் மகன்.

"ஒருதற்றை எழுத்து வேறை முறையிலை கிடக்கு."

"ஆற்றை?"

நான் கோப்பைத் திறந்தேன். பேரப்பிள்ளைகளுக்குப் பிறகு, கேள்விக்குறி போட்ட கறுத்த சதுரங்கள் வரிசையாக நின்றன. மகன் எழும்பி வந்து திரையைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"உது உவள் எழுதினதோ?"

சின்னம்மா மடியில் கிடந்த குடையை இழுத்துப் பிடித்தார்.

"சின்னம்மா, உதை ஆர் இஞ்சை கொண்டந்தது?"

"நான்தான் மோனை. அவளும் அந்த வயித்திலைதானே பிறந்தவள். அவளுக்கு வாக்குக் குடுத்துப்போட்டன், அம்மான்ரை புத்தகத்திலை உன்ரை எழுத்தும் வரும் எண்டு."

"என்னைக் கேட்டனீங்களோ?"

"கேட்டா என்ன சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். பிறகேன் கேப்பான்?"

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் ஒருவருடைய கல்வெட்டும் அவரால் பிந்தியதில்லை என்பது அவருடைய ஒரே கர்வம். என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, விசைப்பலகையில் தானே ஒரு '-c' போட்டுத் தட்டினார்.

முடிந்தது. பிழை இல்லை.

"பாத்தியே? இவ்வளவுதான்" என்றார்.

நான் மகளுடைய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதைப் போல ஒரு பக்கத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. கம்மாக்கள் இருந்தன. முற்றுப்புள்ளிகள் இருந்தன. பந்தி பிரித்த இடங்களில் வெறுமை இருந்தது. நடுவில் எங்கிருந்தோ வந்த வேற்றெழுத்து ஒன்றிரண்டு, வழி தவறிய மாடு மாதிரி நின்றன. ஒரு மனுசி தன் தாயைப் பற்றிக் கதைக்கும்போது எங்கெங்கே மூச்சு விட்டாள் என்பது மட்டும் அப்படியே தப்பியிருந்தது. கதைத்தது ஒன்றும் இல்லை.

மகனுடைய முகத்தில் ஓர் ஆறுதல் வந்ததை நான் கண்டேன். அவர் சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் நல்ல மென்மையாக இருந்தது.

"மெஷின் எடுக்கேல்லையாம் சின்னம்மா. நான் என்ன செய்யிறது?"

சின்னம்மா கண்ணாடியைப் போட்டுத் திரைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"அப்ப அவள் கம்மாவும் புள்ளியுமோ அனுப்பினவள்?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த அறையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. முதலாளி வெட்டவில்லை, நேரத்தை மிச்சம் பிடித்தார். மகன் வெட்டவில்லை, மெஷின் எடுக்கவில்லை. மெஷினும் வெட்டவில்லை, சொன்னதைச் செய்தது. நானும் வெட்டவில்லை, தட்டியது என் விரல் இல்லையே. ஒரு மகளைத் தாயின் புத்தகத்திலிருந்து துடைத்தாகிவிட்டது, துடைத்தவர் என்று ஒருவரும் இல்லை. அந்த ஓர் எழுத்தில் இருக்கிற வசதி அதுதான். அது எழுத்துகளை மட்டும் எறிவதில்லை. எறிந்த கையையும் சேர்த்து எறிகிறது.

எனக்குச் சாதாரணமாகக் கோபம் வராது. வந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகுதான் வரும். அன்றைக்கு ஏனோ நேரத்துக்கு வந்துவிட்டது.

"மெஷின் எடுக்கும்" என்றேன். "நான் எடுப்பிக்கிறன்."

"உன்ரை வீரத்தைப் பின்னேரம் காட்டு" என்றார் முதலாளி. "கட்டுறவன் வரப்போறான்."

"வந்தா இருக்கட்டும். தேத்தண்ணி குடுங்கோ."

மகனுக்கு முகம் சிவந்தது. "அண்ணை, கல்வெட்டு அடிப்பிக்கிறது நான். எனக்கு உவளின்ரை எழுத்து வேண்டாம்."

"ஓம் தம்பி. நீங்கள்தான் அடிப்பிக்கிறியள். வேண்டாமெண்டா வெட்டுங்கோ, உங்கடை உரிமை. ஆனா நான் அதைத் தமிழாக்கித் தாள்லை எடுத்துத் தருவன். வாசிச்சுப்போட்டு, உங்கடை கையாலை, சிவப்புப் பேனையாலை வெட்டுங்கோ. பக்கத்திலை கையெழுத்தும் வையுங்கோ. மெஷினைச் சாட்டி என்ரை மேசையிலை ஒருதரும் ஒருதரையும் வெட்டக்கூடாது."

"எழும்பு கதிரையை விட்டு" என்றார் முதலாளி.

நான் எழும்பவில்லை. இதைப் பின்னர் பலருக்குத் துணிச்சல் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதிரையின் உடைந்த கை என் சேட்டில் மாட்டியிருந்ததும் உண்மைதான். ஆனால் மாட்டாமல் இருந்திருந்தாலும் எழும்பியிருக்கமாட்டேன் என்று இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன்.

"நாளைக்கு நீ வேலைக்கு வரவேண்டாம்."

"நாளைக்கு வரேல்லை. இண்டைக்கு இருக்கிறன்."

சொல்லிவிட்டேனே தவிர, அது என்ன குறியேற்றம் என்று எனக்குத் தெரியாது. வட்டுக்கோட்டைப் பிள்ளைக்குப் போன் அடித்தேன். கலியாண வீட்டில் யாரோ எடுத்து, பின்னால் மேளம் முழங்க, "ஆர்? ஆர்? பந்தி வைக்கினம், பிறகு எடுங்கோ!" என்று வைத்துவிட்டார்கள். பிரான்சிலிருந்து வந்ததுதானே என்று ஐரோப்பிய முறை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தலையில் தொப்பி வைத்த பிரெஞ்சு எழுத்துகளும் நாணயக் குறிகளும் பக்கம் நிறைய வந்தன. முதலாளி மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் எனக்குப் பொறி தட்டியது. அந்தத் தொப்பிகளை நான் முன்னர் பார்த்திருக்கிறேன். இணையம் வந்த புதிதில், வெளிநாட்டுத் தமிழர் மின்னஞ்சல் குழுக்களில் கூடியிருந்த காலத்தில், நான் ஒரு புனைபெயரில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். நிலவும் குருதியும் நிறைய வரும். அவை எல்லாம் தஸ்கி என்ற குறியேற்றத்தில் இருந்தன. இன்றைக்கு எந்தக் கணினியில் திறந்தாலும் அவை இப்படித்தான் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும், தமிழுக்கு அது நல்லது என்று நானும் மாற்றாமல் விட்டிருந்தேன். என் கவிதைகளால் ஒருவருக்குப் பிரயோசனம் கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

மகளுடைய கோப்பைத் தனியே எடுத்து, பிரதி ஒன்று வைத்துவிட்டு, தஸ்கியிலிருந்து யூனிகோட்டுக்கு என்று கொடுத்தேன். தமிழ் வந்தது. ஒரு கால்கூட முறியாமல் வந்தது.

"அங்கை சங்கத்துப் பள்ளிக்கூடத்திலை பழைய கொம்பியூட்டர் ஒண்டிலை பழகினவளாம்" என்றார் சின்னம்மா. "இண்டைக்கும் அதிலைதானாம் அடிக்கிறவள்."

தாளில் எடுத்தேன். சிவப்புப் பேனையோடு சேர்த்து மகனுக்கு முன்னால் வைத்தேன். அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். வெட்டவேண்டும் என்றால் வாசிக்கவேண்டும். வாசிக்காமல் வெட்டக் கணினிக்குத்தான் முடியும். கடைசியில் தாளையும் பேனையையும் தூக்கிக்கொண்டு, வெளிச்சம் படுகிற யன்னலடிக்குப் போனார். பேனையின் மூடியைக் கழற்றினார்.

அவள் எழுதியிருந்ததில் பெரிய சொல் ஒன்றும் இல்லை. தெய்வமும் இல்லை, தீபமும் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறபடி சொல்கிறேன்:

'அம்மா ஒவ்வொரு நாளும் என்னோடு கதைத்தவர். கிணற்றடியில் நின்றுதான் கதைப்பார். தண்ணீர் மோட்டரைப் போட்டால் அந்தச் சத்தத்தில் வீட்டாருக்குக் கேளாது என்று நினைத்தார். எனக்கும் பாதி கேளாது. கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரம் பூத்துவிட்டது என்பார், காய்த்துவிட்டது என்பார், அணில் கொந்திவிட்டது என்பார். நான் அந்த மரத்தை வருடம் தவறாமல் இங்கிருந்தே பார்த்தேன். அண்ணா அனுப்பிய போனில்தான் கதைத்தவர். அண்ணா அதை அனுப்பியது தன்னோடு கதைப்பதற்கு. அம்மா அதை இரண்டு பேருக்கும் சமனாகப் பிரித்தார். அண்ணாவுக்கு என் நன்றி.'

கட்டுகிறவர் வந்துவிட்டார். முதலாளி அவரை வாசலில் மறித்து, மழை பற்றி ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்.

"உது பிழை!" என்றார் மகன் திடீரென்று.

முதலாளி நம்பிக்கையோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கிணத்தடியிலை நிண்டது அம்பலவி. கறுத்தக்கொழும்பான் படலையடியிலை."

"இல்லை மோனை, கிணத்தடியிலை..." என்று சின்னம்மா தொடங்கினார்.

"சின்னம்மா, நான் ஏறி விழுந்து கை முறிஞ்ச மரம் எனக்குத் தெரியாதோ? இவ்வளவு வருசம் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவளுக்கு மரம் எப்பிடித் தெரியும்?"

சிவப்புப் பேனையால் கறுத்தக்கொழும்பானை வெட்டி அம்பலவியை நட்டார். தொடர்ந்து வாசித்தார். மறுபடி பேனை நின்றது.

"அண்ணா அனுப்பிய போனாம். ஒரு போனே? மூண்டு போன் அனுப்பினனான். ஒண்டு கிணத்துக்கை விழுந்ததாம். கிணத்தடிக்கு ஏனணை போனோடை போனனீங்கள் எண்டு நான் ஏசினனான். மற்றது தண்ணி பட்டுப் பழுதாம். அதுக்கும் ஏசினனான்."

'போனில்தான்' என்பதை வெட்டி, 'மூன்று போன்களில்தான்' என்று எழுதினார். எழுத்துக் கோணலாக விழுந்தது. தாளை என் மேசையில் கொண்டுவந்து போட்டார்.

இந்தத் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் நீங்கள் அதை வாசிக்கமாட்டீர்கள். ஒருவர் பக்கத்தை வேண்டாம் என்று சொன்னால் பயப்படுங்கள். பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் கட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். வேண்டாத பக்கத்தில் ஒருவரும் மாமரம் திருத்தமாட்டார்.

"கையெழுத்து?" என்றேன்.

வைத்தார். வைத்துவிட்டு, "என்ரைக்குப் பிறகு போடுங்கோ. முன்னுக்கு வேண்டாம்" என்றார்.

சின்னம்மா தன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், சந்தையடிச் சத்தத்துக்கு மேலாகப் போனில் யாருக்கோ உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓம், வருது. ஓமெண்டு சொல்லுறன். அழாதை, எனக்கு நீ சொல்லுறது கேக்கேல்லை."

அடுத்த நாள் கல்வெட்டு உரிய நேரத்துக்குச் சாப்பாட்டுப் பந்திக்குப் போனது. அண்ணனும் தங்கச்சியும் கதைத்தார்களா, சேர்ந்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் குறியேற்றம் மாற்றுகிறவன், குணம் மாற்றுகிறவன் இல்லை. சொன்னபடி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் போனேன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. என் கதிரையின் உடைந்த கைக்கு ஆணி அடித்திருந்தார்கள். அதை மன்னிப்பாக எடுப்பதா, அடுத்தமுறை என்னைச் சுலபமாக எழுப்புவதற்கான ஏற்பாடாக எடுப்பதா என்று யோசித்து, இருப்பதற்கு வசதியாக இருந்ததால் இருந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். நாளைக்கு உங்கள் முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் மணிக்கூட்டோடு நிற்பார். கணினி நின்றுவிடும். 'எனக்கு விளங்கவில்லை' என்று அது சொல்வதை இழிவாக எடுக்காதீர்கள். இந்த ஊரில் அதை ஒத்துக்கொள்கிற ஒரே உத்தியோகத்தர் அதுதான். அந்த ஓர் எழுத்தைப் போடு என்பார்கள். நேரம் இல்லை என்பார்கள், ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்பார்கள், வேலை போகும் என்பார்கள். போகட்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாததைக் குப்பை என்று சொல்லாதீர்கள். வாசிக்கத் தெரியும்வரை கதிரையை விடாதீர்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டுகிறவரின் கையில் பேனையைக் கொடுங்கள். என் கண் முற்றாக மங்கின பிறகும் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கிழமை முடிய, வட்டுக்கோட்டைப் பிள்ளை கலியாணப் பலகாரத்தோடு வேலைக்கு வந்தாள். நான் முழுக் கதையையும் சொன்னேன். முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொன்னேன். ஆகவே சில இடங்களில் என் குரல் உண்மையில் இருந்ததைவிட உயர்ந்திருந்தது. கதிரை விசயத்தை விட்டுவிட்டேன். அவள் பயித்தம் பணியாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் சரி அண்ணை. ஆனா ஏன் எல்லாத்தையும் ஒரே கோப்பிலை கொட்டினீங்கள்? வந்த அண்டைக்கே ஒவ்வொண்டா, அதததின்ரை முறையிலை மாத்தியிருந்தா மெஷின் நிண்டே இராது. அந்த மனுசனும் புரூஃபிலை அம்மான்ரை படத்தை மட்டும் பாத்துப்போட்டுப் பேசாமல் போயிருக்கும்."